ஜங்காரில் இறுகிய ஸ்டியரிங்

போன வாரம் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்திருந்தேன். உங்களில் ஒருவர் ஒரு வண்டியில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, வண்டிக்காரரிடம், "ஒரு கொழப்பமும் இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்வதைக் கேட்டேன். யாரென்று சொல்லப் போவதில்லை. வேலையில் தப்பு ஒன்றும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டேன்.

"கொழப்பம் இல்ல." தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்திருக்கும் நீங்கள்கூட ஆறு மாதத்தில் இதைப் பழகிவிட்டீர்கள். கொச்சியில் வண்டி பார்க்கிறவன் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் வார்த்தை. கோளாறு எதுவும் இல்லை என்று அர்த்தம். மட்டாஞ்சேரியில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். அதில் எத்தனை ஆயிரம் முறை நானும் இதைச் சொல்லியிருப்பேன், எனக்கே தெரியாது. அவற்றில் ஒரு முறை சொன்னது மட்டும் மறக்கவில்லை. அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேரில் பேச ஆரம்பித்தால் நீங்கள் மொபைலைப் பார்ப்பீர்கள், நான் கோபப்படுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், மழை தொடங்கியிருந்த நேரம். ஒரு காலையில் லலிதா சிஸ்டரும் அவர் வீட்டுக்காரர் மணி சாரும் ஒரு சின்னக் காரில் வந்தார்கள். இரண்டு பேரும் நம் ஊர்த் தமிழர்கள்தான், பல தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற குடும்பம். மணி சார் போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிஸ்டர் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையை விட்டபின், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். அவருக்குக் கொடுத்திருந்த வீடுகள் எல்லாம் வைப்பின் தீவில். தினமும் ஃபோர்ட் கொச்சியில் காரை ஜங்காரில் ஏற்றி அக்கரைக்குப் போவார். வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் பெரிய படகை இங்கே ஜங்கார் என்றுதான் சொல்லுவோம், உங்களுக்குத் தெரியும்.

பேச்செல்லாம் மணி சார்தான். ஸ்டியரிங் சில சமயம் இறுகிப்போகிறது என்று இவள் சொல்கிறாள், நான் ஓட்டினால் அப்படி இல்லை, இவளுக்குப் போன வருஷம் வலது தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் இருந்தது, இப்போதுதான் சரியாகி வருகிறது, எனக்கென்னவோ அதுதான் காரணம் என்று தோன்றுகிறது, இருந்தாலும் நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட்டால் நிம்மதி என்றார். சிஸ்டர் பக்கத்தில் மடக்கிய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடையில் ஒரே ஒரு தடவை, இறுகும்போது உள்ளே ஃபேன் சத்தமும் குறைகிற மாதிரி இருக்கிறது என்றார். மணி சார் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முறைப்படி பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். டயரில் காற்று சரி. கீழே ஜாயின்ட்டுகள் சரி. பேட்டரி புதுசு, சில மாதம் முன்புதான் மாற்றியிருந்தார்கள். ஸ்கேனரில் மட்டும் ஸ்டியரிங் யூனிட்டில் ஒரு பழைய பதிவு இருந்தது, வோல்ட்டேஜ் குறைந்ததாக. பேட்டரி செத்துக் கிடந்தபோது பதிவாகியிருக்கும் என்று நினைத்து அதை அழித்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்காமலே அழித்தேன்.

பிறகு நானே வண்டியை எடுத்து தோப்பும்படி பாலம் வரை போய்த் திரும்பினேன். அன்று காலை மழை விட்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காற்று வாங்கியபடி ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

வந்து இறங்கி மணி சாரிடம் சொன்னேன், "சார், வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல."

மணி சார் சிஸ்டரைப் பார்த்தார். நான் சொன்னேன் இல்லையா என்கிற பார்வை. கேலியாகப் பார்க்கவில்லை, கவலையோடுதான் பார்த்தார். வரும்போது ஓட்டிக்கொண்டு வந்தவர் சிஸ்டர்தான். போகும்போது சாவியைச் சாரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வண்டியின் பானெட்டைத் தூக்கினேன்.

மூன்று வாரம் இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு வைப்பின் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜங்காரில் ஆட்கள் நிற்கிற பக்கத்தில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் மருந்துப் பை, புடவையின் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. வண்டி எங்கே என்று கேட்டேன்.

"நிறுத்தியாச்சு, கணேசண்ணா. வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லிட்டேளே. அப்போ எனக்குத்தானே."

சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இப்போது பஸ்ஸில் வந்து, ஜங்காரில் நடந்து ஏறி, அக்கரையில் ஆட்டோ பிடித்துப் போகிறார். ஏழு வீடு பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்று வீடுதான் பார்க்க முடிகிறது. மீதிக்கு வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். மணி சார் ஒரு நாள் அவரை வல்லார்பாடம் பாலம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். நெரிசலில் போகவே ஒன்றரை மணி நேரம். கார் இனி எதற்கு என்று விற்க ஏற்பாடாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆள் பார்க்க வருகிறான்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அவர் தோள் டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, தோள் நன்றாகவே சரியாகிவிட்டது என்றிருக்கிறார். அப்படியானால் ஸ்டியரிங்கை ஏன் திருப்ப முடியவில்லை என்று இவர் கேட்டிருக்கிறார். வண்டியில் கோளாறு இல்லையே, மெக்கானிக் பார்த்துவிட்டாரே என்றும் சொல்லியிருக்கிறார். டாக்டர் யோசித்துவிட்டு, அப்படியானால் கழுத்து நரம்பைப் பார்த்துவிடலாம் என்று திங்கட்கிழமைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிறகு தாழ்ந்த குரலில், தான் பார்க்கிற நோயாளிகளில் ஒருவரைப் பற்றிச் சொன்னார். படகு என்ஜின் மெக்கானிக், வயது நாற்பத்தைந்துதான். நரம்பு செத்துக்கொண்டே போகிற வியாதி. இப்போது விழுங்கவும் சிரமம்.

"அவருக்கும் கையிலதான் ஆரம்பிச்சது. ஸ்பானர் நழுவுதுன்னு சொல்லிண்டிருந்தாராம். வீட்டுல யாரும் நம்பலையாம்." மடியில் இருந்த பையை இழுத்துப் பிடித்தபடி, "அவர்ட்ட இத சொல்லலை" என்றார். அவர் என்றது மணி சாரை.

வாழ்க்கையில் நான் பல வண்டிகளைக் கெடுத்திருக்கிறேன். ஒயரைத் தப்பாகக் கொடுத்து ஒரு லாரியின் டேஷ்போர்டையே எரித்திருக்கிறேன். அதற்கெல்லாம் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காமல் இருந்ததில்லை. ஆனால் இது அப்படி இல்லை. தோப்பும்படி வரை ஒரு சவாரி போய் வந்து நான் சொன்ன ஒரு வார்த்தையை ஒரு டாக்டர் கையில் எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறார். இந்தப் பெண்மணி மூன்று வாரமாகத் தன் விரல்களைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டியில் கோளாறு இல்லை என்று நான் சொன்னால், கோளாறு உட்கார்ந்து ஓட்டுகிறவரிடம் என்று சொன்னதாகத்தானே ஆகும். அது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம்தான் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். மூன்று வாரம் தாமதமாக.

திருப்பும்போது வலிக்கிறதா என்றேன். வலியே இல்லை, திரும்பவில்லை, அவ்வளவுதான் என்றார். எந்தப் பக்கம் என்றேன். இரண்டு பக்கமும். ஒரு கையாலா, இரண்டு கையாலா? இரண்டு கையையும் வைத்து இழுத்தாலும் அப்படித்தான். எங்கே வைத்து? ஜங்காரில் ஏற்றும்போது, அநேகமாக அங்கேதான். எப்போதுமா? இல்லை, மழை நாளில்தான் அதிகம். ஓடுகிற வண்டியில் ஒரு நாளும் வந்ததில்லை.

கடைசியாக, நோயாளிகளுக்கு என்னவெல்லாம் செய்வீர்கள் என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று புரியாமல் அவர் வரிசையாகச் சொன்னார். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, டியூப் மாற்றுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது.

"யார் புரட்டறது?"

"நான்தான். அந்த மெக்கானிக்கைப் புரட்ட ஆள் வேண்டாம், ஒரு வழி இருக்கு, நானே செய்வேன்."

எழுபது கிலோ மனிதனைப் புரட்டிப் போடுகிற கைக்கு, ஒரு சின்னக் காரின் ஸ்டியரிங் திரும்பவில்லை.

அந்த இடத்திலேயே, "சிஸ்டர், உங்களுக்கு ஒண்ணும் இல்ல, வண்டிதான்" என்று சொல்லிவிட வாய் துடித்தது. சொல்லவில்லை. இதை உங்களுக்காக நிறுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு தடவை பார்க்காமல் சொல்லியாயிற்று. இன்னொரு தடவை பார்க்காமல் சொல்லி, அதுவும் தப்பாகிப் போனால்? நம் பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக அடுத்தவருக்கு நம்பிக்கை கொடுக்கக் கூடாது. நான் சரியாகப் பார்க்கவில்லை, நாளைக்குச் சனிக்கிழமை, வீட்டுக்கு வந்து திரும்பவும் பார்க்கிறேன், ஆனால் ஓட்டுவது நீங்கள்தான் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை நல்ல மழை. அது என் அதிர்ஷ்டம்.

மணி சாருக்கு நான் வந்தது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவள் மனதை ஒரு வழியாகத் தேற்றி வைத்திருக்கிறேன், மறுபடியும் ஏன் என்று வாசலிலேயே மெல்லக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போன தடவை நான் வண்டியைத்தான் பார்த்தேன், வண்டி சிஸ்டர் கையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது என்றேன். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. நானும் வருகிறேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

இந்தச் சின்ன வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு உதவி செய்வது ஒரு மோட்டார். ஓடுகிற வண்டியில் அதற்கு வேலை அநேகமாக இல்லை. நின்ற இடத்தில், அல்லது ஊர்கிற வேகத்தில் முழுசாகத் திருப்பும்போதுதான் அது கரன்ட்டை வாரிக் குடிக்கும். அந்த நேரம் போதுமான வோல்ட்டேஜ் கிடைக்காவிட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, அந்த மோட்டாரின் யூனிட்டுக்கு வருகிற இரண்டு ஒயரிலும் மீட்டரைக் கொடுத்து, மீட்டரை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நின்றபடியே இருபது தடவை திருப்பச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. மீட்டர் பதின்மூன்று வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார். இறுகவில்லை என்பதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. மணி சார் பின்னால் தொண்டையைக் கனைத்தார். இறங்கிப் போய்விடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவனுக்கு, ஒரே வண்டியில் இரண்டாம் தடவையும் கோளாறைக் காணவில்லை என்பது அவ்வளவு சுலபமாகத் தாங்கக்கூடியது இல்லை.

ஆனால் சிஸ்டர் வீட்டு வாசலில் இறுகுகிறது என்று சொல்லவே இல்லையே. ஜங்காருக்குப் போகலாம் என்றேன். தினமும் எப்படிப் போவீர்களோ அப்படியே, எதையும் எனக்காக மாற்ற வேண்டாம்.

ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் வரிசை நீளமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி. அரை மணி நேரம் என்ஜின் ஓடியபடியே நின்றோம். மழையில் கண்ணாடி பனித்துப் போகிறது என்று சிஸ்டர் ஏசியைப் போட்டு ஃபேனை முழுசாகத் திருப்பி வைத்தார். வைப்பர் ஓடியது. முன்விளக்குகளையும் போட்டார். நான் தோப்பும்படிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனது அப்போது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. என்ஜின் சூடேறி ரேடியேட்டர் விசிறியும் சுற்ற ஆரம்பித்தது. மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் முறை வந்தது. சாய்வில் மெல்ல ஏறினோம். ஜங்காரின் ஆள் ஒருவர் மழைக்கோட்டோடு எதிரே நின்று, இடது பக்கம் ஒட்டி, இன்னும் ஒட்டி என்று கையால் காட்டினார். ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் காயல் தண்ணீர். சிஸ்டர் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார். கால்வாசி போனது. உள்ளே ஃபேனின் சத்தம் இறங்கியது, எனக்கும் தெளிவாகக் கேட்டது. டேஷ்போர்டில் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தது. மீட்டரில் ஒன்பதரை.

"இப்போ" என்றார் சிஸ்டர். பிரேக்கை மிதித்துவிட்டார்.

நான் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். டயரைக் கழற்றி மாட்டிப் பழகின கை. சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"சிஸ்டர், இது உங்க கை இல்ல."

அவர் பின்னால் திரும்பி, "நீங்க ஒண்ணு புடிச்சுப் பாருங்கோ" என்றார். மணி சார் இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக் கையை நீட்டித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஜங்கார் ஆள் பானெட்டில் தட்டி, என்ன பார்க்கிறீர்கள், பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். பின்னாலிருந்து ஹார்ன். எல்லோரும் அவசரப்படுத்துகிற அந்த நேரத்தில் பலத்தைக் கொடுத்து வளைத்துவிடத்தான் தோன்றும். சாய்வில் நிற்கிற வண்டி, ஈர இரும்பு, பக்கத்தில் லாரி. வளைத்தால் திடீரென்று மோட்டார் உயிர் பெற்று ஒரேயடியாகத் திரும்பிவிடலாம். காலை பிரேக்கிலிருந்து எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, நானே கையை நீட்டி ஏசியை நிறுத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், விளக்கை அணைக்கச் சொன்னேன். மூன்று மூச்சு விடுகிற நேரம். மீட்டர் பன்னிரண்டுக்கு ஏறியது.

"மெதுவா, இப்போ திருப்புங்க."

திருப்பினார். விரலால் திருப்புகிற மாதிரி வந்தது. வண்டி அழகாக இடது பக்கம் ஒட்டி நின்றது. ஜங்கார் ஆள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போனார். சிஸ்டர் என்ஜினை அணைத்தார். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைப்பினில் இறங்கி ஒரு சாயாக்கடை ஓரம் நிறுத்தினோம். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இரண்டு கேபிள் போகும். ஒன்று என்ஜினுக்கு, ஒன்று பாடிக்கு. ஸ்டார்ட் பண்ணும்போது கரன்ட் என்ஜின் கேபிள் வழியாகப் போகிறது, அது நன்றாக இருந்தது. அதனால் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், பேட்டரியில் வைத்து அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். பாடிக்குப் போகிற கேபிள்தான் பேட்டரி தட்டுக்கு அடியில், உறைக்குள்ளே, பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. போல்ட்டைக் கழற்றி உறையைக் கீறினால் உள்ளே ஏழெட்டு இழைதான் மீதி. தினமும் ஜங்காரில் உப்புத் தண்ணீர் தெறிக்கிற வண்டி, வேறு எப்படி இருக்கும்? விளக்கு, விசிறி, ஏசி, ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்து அந்த ஏழெட்டு இழை வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். இழை சூடேறினால் இன்னும் மோசம். பையில் இருந்த தடித்த கேபிள் ஒன்றை அதற்குப் பதிலாகக் கிளிப் போட்டு, எல்லாவற்றையும் முழுசாகப் போட்டு, நின்ற இடத்தில் திருப்பச் சொன்னேன். மீட்டர் அசையவில்லை. ஸ்டியரிங் குழந்தை திருப்புகிற மாதிரி திரும்பியது.

சிஸ்டர் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில்தான் அந்த மெக்கானிக்கின் வீடு, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நடந்தார். போகும் முன், திங்கட்கிழமை ஸ்கேனுக்குப் போகவா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் வண்டியைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், கையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், இந்தக் கேபிளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொல்லி, கழற்றின கேபிளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

நானும் மணி சாரும் சாயா குடித்தோம். அவர் கண்ணாடி டம்ளரை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இவள் ஜங்காரில் தடுப்புக் கம்பியில் உரசிவிட்டு வந்தாள், அன்றிலிருந்து இவள் வீடு திரும்புகிற வரை தனக்கு நிலைகொள்ளாது, வண்டி போய்விட்டால் பயமும் போய்விடும் என்று நினைத்ததாகச் சொன்னார். பிறகு, "அவ சொன்னதை நான் கேட்டிருக்கணும்" என்றார். நானும்தான் சார் என்றேன். ஃபேன் சத்தம் குறைகிறது என்று முதல் நாளே சிஸ்டர் சொன்னார், அதிலேயே எல்லாம் இருந்தது, நாம் இருவரும் சிரித்தோம் என்றேன். அவர் தலையாட்டினார். நரம்பு வியாதி பயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது சிஸ்டருடைய விஷயம். திரும்பி வரும்போது ஜங்காரில் சிஸ்டரே சாரிடம் அதைச் சொல்ல ஆரம்பித்தார். முன் சீட்டில் இருந்த நான் இறங்கிப்போய்க் கம்பியோரம் மழையில் நின்றேன்.

அன்று மத்தியானமே ஒர்க்‌ஷாப்பில் புதுக் கேபிள் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, கிரீஸ் தடவிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடமிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். டாக்டர் கேபிளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு சிஸ்டரின் விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றையும் திரும்ப நிதானமாகச் சோதித்து, ஸ்டியரிங் ஒன்றுதான் தனக்குச் சந்தேகம் தந்தது, அது போய்விட்டால் ஸ்கேனுக்கு அவசியமில்லை, தோளுக்கான பயிற்சியை மட்டும் விடாமல் செய்யுங்கள் என்றிருக்கிறார். வண்டியைப் பார்க்க வந்த ஆளை மணி சார் முதல் நாளே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். நாலு வீட்டையும் திரும்பக் கொடுக்கக் குழுவில் சம்மதித்துவிட்டார்கள் என்று சிஸ்டர் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் முழுசாக மலர்ந்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, "கொழப்பம் இல்ல" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை என்பேன். இரண்டும் ஒன்றில்லை. கிடைக்கவில்லை என்றால், தேடினவனிடம் குறை இருக்கலாம் என்று அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. வண்டிக்காரர் திரும்பி வரலாம். கொழப்பம் இல்லை என்றால் அவர் எங்கே போவார்? பழைய பதிவை அழிக்கும் முன் அது எப்போது, எதனால் என்று கேளுங்கள். இறுகுகிறது என்று சொல்கிறவரை ஓட்டுகிற சீட்டில் உட்கார வையுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே இறுகுகிறது என்கிறாரோ அங்கே போங்கள், அது ஜங்காராக இருந்தாலும். கூட வந்தவர் பேசுவதைக் கேளுங்கள், பேசாமல் குடையோடு நிற்கிறவரையும் ஒரு தடவை தனியாகக் கேளுங்கள். ஸ்கேனர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

இதை எழுதி முடிக்கிற இந்த நேரத்தில் எனக்கு நினைவு வருவது கேபிளோ மீட்டரோ இல்லை. அன்று திங்கட்கிழமை அவர்கள் கிளம்பிய விதம்தான். நம் ஒர்க்‌ஷாப் வாசல் சந்து உங்களுக்குத் தெரியும், எதிரே மசாலா மூட்டை இறக்க ஒரு லாரி வந்து நின்றால் வண்டியைத் திருப்புவது பெரும்பாடு. அன்றும் லாரி நின்றது. திருப்பித் தருகிறேன் என்று நம் ஆள் ஒருவர் சாவிக்குக் கை நீட்டினார். சிஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மணி சார் இந்தப் பக்கம் ஏறினார். மழைக்கு ஏசி, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, இடது கையைக் கியரில் வைத்துக்கொண்டு, அந்த வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, முன்னும் பின்னுமாக மூன்றே அசைவில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். லாரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

கையசைக்க மணி சார் இறக்கிய கண்ணாடி வழியாக அவர் குரல் கேட்டது. "ரெண்டு கையும் வெச்சுப் பிடி, லலிதா."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரு கையாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.